புறப்பாடு புகழ் கண்ணாயிரம்

மேடையில் வீற்றிருக்கும் பெரியவர்களே! கம்பத்தில் ஏறும் வேலையை இன்று ஒரு நாள் நிறுத்திவிட்டு வந்திருக்கும் கேபிள் தோழர்களே! பல ஊர் மெல்லிசைக் குழுக்களிலிருந்து வந்திருக்கும் கலைஞர்களே! முன்வரிசையில் அமர்ந்திருக்கும், மறைந்த கண்ணாயிரத்தின் மனைவி, தங்கை ஜெயசுதா அவர்களே! நாற்காலி போதாமல் வாசல் வரை நின்றுகொண்டிருக்கும் எங்கள் ஊர் மக்களே! உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

வணக்கம் சொல்லிவிட்டேன். அடுத்த சொல் வரமாட்டேன் என்கிறது. முப்பது வருடமாக மைக் பிடிக்கிறவன் நான். மழையில் பாடியிருக்கிறேன், கரண்ட் போன மேடையில் வெறும் தொண்டையில் பாடியிருக்கிறேன், சண்டை நடந்துகொண்டிருந்த கல்யாணத்தில்கூடப் பாடியிருக்கிறேன். இன்று பேசத்தான் தெரியவில்லை. இந்த மைக்கை ஸ்டாண்டிலிருந்து கழற்றிக் கையில் எடுத்துக்கொள்கிறேன். மன்னிக்க வேண்டும், ஓர் இடத்தில் நின்று பேச என்னால் முடியாது.

தொடங்குவதற்கு முன் இரண்டு செய்திகள். வாசலில், செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில், ஒரு மூங்கில் கழி சாத்தியிருக்கிறது. நுனியில் இரும்புக் கம்பியைக் கவை மாதிரி வளைத்துக் கட்டிய கழி. பந்தல்காரர் மறந்து விட்டுப்போனது என்று நினைத்து யாரும் எடுத்துப்போய்விடாதீர்கள். அது ஜெயசுதா வீட்டிலிருந்து கொண்டுவந்தது. இது முதல் செய்தி.

இரண்டாவது, நமது தொகுப்பாளர் கோகிலவாணி சற்று முன் என்னை எப்படி அழைத்தார்? "புறப்பாடு புகழ் வீரமுத்து அவர்கள் பேசுவார்" என்றார். வெளியே பேனரிலும் அப்படித்தான் இருக்கிறது. மறைந்தவரின் படத்துக்குக் கீழே "கேபிள் கண்ணாயிரம்" என்று போட்டிருக்கிறார்கள். என் பெயருக்கு முன்னால் "புறப்பாடு புகழ்" என்று போட்டிருக்கிறார்கள். இதைப் பற்றி நான் பேச வேண்டும். பேசுவேன். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

யார் இந்தக் கண்ணாயிரம்? வாரத்தில் ஐந்து நாள் கேபிள் லைன்மேன். மீதி இரண்டு நாள் எங்கள் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு. வடக்கனந்தல் சுற்றுவட்டாரத்தில் அவர் ஏறாத கம்பம் உண்டா? உங்கள் வீட்டில் படம் தெரியவில்லை என்று போன் செய்தால், மழையோ வெயிலோ, அரை மணி நேரத்தில் வாசலில் நின்றவர் யார்? கண்ணாயிரம்! வந்தவர் லேசில் போகவும் மாட்டார் என்பது உங்களுக்குத் தெரியும். லைன் சரியாகி, டிவியில் விண்வெளிக் கப்பல் ஏதாவது ஓடிக்கொண்டிருந்தால் முடிந்தது கதை! கேபிள் கட்டைத் தோளில் மாட்டிக்கொண்டபடியே முழுப் படமும் பார்த்துவிட்டுத்தான் நகர்வார்.

வெளிநாட்டுப் படங்கள், வெளிநாட்டுத் தொடர்கள், எல்லாம் தமிழில் பேச வைத்து வருபவை. வேறு கிரகம், ராக்கெட், இயந்திர மனிதன், காலத்தில் பின்னோக்கிப் போகிறவன். ஒன்று விடாமல் பார்த்தார். நம்மில் பலரும்தான் பார்த்தோம். பார்த்துவிட்டுத் தூங்கப் போனோம். அவரால் தூங்க முடியவில்லை. பார்த்ததற்கெல்லாம் இசை போட்டார். படத்தில் ஏற்கெனவே இசை இருக்கிறதே என்று கேட்டேன்.

"இருக்குதுணா. ஆனா அது அவுங்க ஊரு கப்பலு. நம்ம ஊர்ல இருந்து ஒண்ணு கெளம்புனா இன்னா சத்தம் வரும்? அத யாராச்சும் போட்டாங்களா?"

இதுதான் கண்ணாயிரம்! நான் விடவில்லை. எனக்கும் கொஞ்சம் படிப்பு இருக்கிறது அல்லவா? ஆகாயத்தில் காற்றே கிடையாது, காற்று இல்லாத இடத்தில் சத்தமே வராது, நீ எதற்கு இவ்வளவு மெனக்கெடுகிறாய் என்றேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை அவர்.

"அதாண்ணா. அங்க ஒண்ணும் இல்லாததாலதான் நான் போட வேண்டியதா இருக்குது."

என்ன பதில் சொல்வீர்கள் இதற்கு?

அந்தச் சத்தத்தைத் தேடி அவர் அலைந்த அலைச்சல் கொஞ்சமா? கரண்ட் கம்மியாக வரும்போது வீட்டு ஸ்டெபிலைசர் உறுமுமே, அதைப் போனில் பதிவு செய்தார். அரிசி ஆலை வாசலில் காலையிலேயே போய் நிற்பார், பெரிய மோட்டார் முதலில் சுற்றத் தொடங்கும் அந்தப் பத்து வினாடிக்காக. கோமுகி அணையில் ஷட்டர் தூக்கப்போகிறார்கள் என்று யாரோ சொன்னார்கள் என்பதற்காக இரண்டு நாள் அங்கேயே சுற்றினார். தூக்கவில்லை. மூன்றாம் நாள் தூக்கினார்கள். அன்று எங்களுக்கு ரிஷிவந்தியத்தில் கச்சேரி. கீபோர்டு இல்லாமல் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கடைசிப் பாட்டுக்கு வந்து சேர்ந்தார், சட்டையெல்லாம் சேறு. "ஷட்டரு கத்துச்சுணா" என்று போனை என் காதில் வைத்தார். நான் என்ன வார்த்தை சொல்லித் திட்டினேன் என்பதை இந்த மேடையில் சொல்ல முடியாது.

ஒருமுறை கல்வராயன் மலைக்கு, வெள்ளிமலையில் டிஷ் மாட்டுவதற்காக, என்னையும் துணைக்கு அழைத்துக்கொண்டு போனார். மொபெட்டில் நான் பின்னால் டிஷ்ஷைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மேலே போகப்போக மூடுபனி. பத்தடிக்கு மேல் பாதை தெரியவில்லை. வண்டியை நிறுத்திவிட்டார். "அண்ணா, வேற கெரகத்துல எறங்குன மாதிரி இல்ல?" என்றார். டீ எங்கே கிடைக்கும் என்று நான் கேட்டேன். மழை பிடித்தது. டிஷ்ஷைத் தரையில் கவிழ்த்துவைத்து, அதன் மேல் மழை விழும் சத்தத்தைப் பதிவு செய்தார். முக்கால் மணி நேரம்! இருவரும் நனைந்தோம். எனக்கு ஒரு வாரம் காய்ச்சல். அவருக்கு ஒன்றுமே ஆகவில்லை, அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

மணலூர்பேட்டைக் கல்யாணத்தை மறக்க முடியுமா? மாப்பிள்ளை மண்டபத்துக்குள் நுழைகிறார். வழக்கமான வரவேற்பு இசை வர வேண்டும். வரவில்லை. அதற்குப் பதிலாக, வேற்றுக்கிரகத்து ஆள் ஒருவர் பூமியில் காலடி வைக்கும்போது என்று அவர் போட்டு வைத்திருந்த இசை வருகிறது! மாப்பிள்ளை பாதியில் நின்றுவிட்டார். பெண்ணின் தாய்மாமா மேடைக்கே ஏறி வந்து, "இன்னாயா இது, பேய்ப் படமா ஓட்டிக்கினு இருக்கீங்க?" என்றார். கண்ணாயிரம் எழுந்து நின்று கைகட்டிச் சொன்னார்.

"இல்லீங்க. இத்தினி நாளா யாருன்னே தெரியாத ஒரு ஆளு மொத மொதல்ல நம்ம வூட்டுக்குள்ள வர்றாரு. அவருக்கும் பயம், நமக்கும் பயம். அதான் போட்டேனுங்க."

மண்டபமே சிரித்தது. மாப்பிள்ளையும் சிரித்துவிட்டார். சிரியுங்கள், பரவாயில்லை, இரங்கல் கூட்டத்தில் சிரிக்கக் கூடாது என்று சட்டமா? அவர் இருந்திருந்தால் இப்போது நாற்காலியில் நெளிந்துகொண்டிருப்பார், எப்போது கூட்டம் முடியும், எப்போது போகலாம் என்று.

இல்லையே அவர்! பதினோரு நாளுக்கு முன், இதே கள்ளக்குறிச்சியில், பேருந்து நிலையத்தில், காலை பத்து மணிக்கு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. நாற்பத்தொன்பது வயது. அது ஒரு வயதா?

தண்ணீர் வேண்டாம் கோகிலவாணி. நான் நிறுத்தினால் அப்படியே உட்கார்ந்துவிடுவேன். பேசியே ஆக வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டேன்.

ஐந்து ஆண்டுக்கு முன் நடந்தது. அவருக்குப் பிடித்த ஒரு தொடர் இருந்தது. அதில் பூமியை விட்டு ஒரு கப்பல் கிளம்பும். ஆயிரம் பேர் ஏறிக்கொண்டு, இனி திரும்பி வருவோமா என்று தெரியாமல் கிளம்புவார்கள். அந்த இடத்து இசை அவருக்குப் பிடிக்கவே இல்லை. "அத்தினி பேரு ஊர வுட்டுப் போறாங்க, ஒரு மரியாதை வேணாமாணா?" என்று நான்கு மாதம் உட்கார்ந்து ஏழு நிமிடத்துக்கு ஒரு இசை செய்தார். ஸ்டெபிலைசர் உறுமலில் தொடங்கும். அரிசி ஆலை மோட்டார் சேரும். டிஷ்ஷில் விழுந்த மழை தாளமாகும். அதன் மேல் நாகஸ்வரத்தின் குரலைக் கீபோர்டில் எழுப்பி மேலே மேலே கொண்டுபோவார். கப்பல் புறப்படுகிறது அல்லவா? அதனால் அதற்கு "புறப்பாடு" என்று பெயர் வைத்தார். எங்கள் குழுவின் பென் டிரைவில் போட்டு வைத்தார்.

அந்த ஆண்டு எங்கள் ஊர் திரௌபதி அம்மன் திருவிழா. மாலை ஆறு மணி. அலங்காரம் முடிந்து அம்மன் டிராக்டரில் ஏறியாகிவிட்டது. மேளக்காரர்கள் வந்த வேன் வழியில் நின்றுவிட்டது. அம்மன் புறப்பட வேண்டும், மேளம் இல்லை! விழாக் குழுத் தலைவர் பெரியவர் பழனி, இதோ மேடையில் அமர்ந்திருக்கிறார், அப்போது பட்ட தவிப்பை நான் பார்த்தேன். மைக்செட் அஜித்குமார் எங்கள் பென் டிரைவைச் சொருகி, ஏதாவது இருக்கிறதா என்று பெயர் பெயராகத் தள்ளிக்கொண்டே போனார். "புறப்பாடு" என்று ஒன்று வந்தது. சாமி புறப்பாட்டுக்கு "புறப்பாடு" என்று ஒரு பாட்டு! வேறு என்னவாக இருக்கும்? அமுக்கிவிட்டார்.

முதலில் அந்த உறுமல் வந்தது. டிராக்டர் ஓட்டுநர் தன் வண்டிதான் தானாகக் கிளம்பிவிட்டது என்று பிரேக்கை மிதித்தார். கூட்டம் கப்சிப் என்று ஆகிவிட்டது. எனக்குப் புரிந்துவிட்டது, நிறுத்தச் சொல்ல ஓடினேன். ஓடி முடிப்பதற்குள் நாகஸ்வரம் எழுந்துவிட்டது. பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒரு அம்மாவுக்குச் சாமியே வந்துவிட்டது. வண்டி நகர்ந்தது. நானும் நின்று கையெடுத்துக் கும்பிட்டேன். என்ன சொல்வது, எனக்கும் அழுகை வந்தது.

வண்டி கோயிலுக்குத் திரும்பியதும் பழனி ஐயா என்னைக் கூப்பிட்டார். "யாருபா போட்டது இந்தப் பாட்ட?" என்றார்.

நான் சொன்னேன்: "நம்ம போட்டதுங்க."

நம்ம! கவனியுங்கள், நான் பொய் சொல்லவில்லை. "நான்" என்று சொல்லவில்லை. நம்ம குழு, நம்ம பசங்க, நம்ம கண்ணாயிரம், எல்லாம் அதற்குள் இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் "நம்ம" என்று ஒரு மனிதன் தன் மார்பில் கைவைத்துச் சொன்னால் கேட்கிறவர் என்ன புரிந்துகொள்வார்? பொன்னாடையை என் தோளில் போட்டார்கள். அடுத்த ஆண்டு நோட்டீஸில் "புறப்பாடு புகழ்" என்று வந்தது. பிறகு நான்கு ஊர்க் கோயில்களில் கேட்டு வாங்கிப் போட்டார்கள். ஐந்து பொன்னாடைகள். பீரோவில் இருக்கின்றன.

ஏன் சொல்லவில்லை? இந்தக் கேள்வியோடுதான் பதினோரு நாளாக வீட்டுக்குள் நடந்துகொண்டிருக்கிறேன். டிவி தொடருக்குப் போட்ட இசை என்று தெரிந்தால் அம்மனுக்கு ஆகாது என்று நிறுத்திவிடுவார்கள் என்று பயந்தேன். இது பாதிக் காரணம். மீதியையும் சொல்லிவிடுகிறேன். கண்ணாயிரம் வீடு இருக்கும் தெரு, அம்மன் வண்டி திரும்பாத தெரு. அந்தத் தெருக்காரர் போட்ட இசையில் அம்மன் புறப்படுவதா என்று யாராவது ஒருவர் கேட்டுவிட்டால்? யாரும் கேட்கவில்லை. கேட்பார்கள் என்று நானே முடிவு செய்துகொண்டேன். முடிவு செய்துகொண்டது எனக்கு வசதியாகவும் இருந்தது. அவமானமாக இருக்கிறது. இன்றைக்கு மட்டுமல்ல, ஐந்து வருடமாகவே அவமானமாகத்தான் இருந்தது.

அந்த இசை ஒலித்த நேரத்தில் கண்ணாயிரம் எங்கே இருந்தார் தெரியுமா? உங்களுக்கெல்லாம் தெரியும், பார்த்திருக்கிறீர்கள், ஆனால் பார்க்கவில்லை. அம்மன் வண்டிக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தார்! வண்டியின் அலங்காரம் உயரம். தெருவில் குறுக்கே கேபிள் கம்பிகள் தாழ்வு. கவைக்கழியால் ஒவ்வொரு கம்பியாகத் தூக்கிப் பிடித்தால்தான் அம்மன் தலை தட்டாமல் போக முடியும். அது லைன்மேன் வேலை. ஐந்து ஆண்டும் அவர்தான் தூக்கினார். பின்னால் அவருடைய இசை, வண்டியில் அம்மன், வண்டிக்குப் பக்கத்தில் பொன்னாடையோடு நான். வண்டி திரும்பும் முனை வரைக்கும் வருவார். கழியைத் தோளில் போட்டுக்கொண்டு தன் தெருவுக்குப் போய்விடுவார்.

ஒரு நாள், ஒரே ஒரு நாள், நானே கேட்டேன், கோபமா கண்ணாயிரம் என்று. சிரித்தார்.

"கோவம் இன்னாணா? கப்பலு கெளம்பிச்சு, ஜனங்க கும்புட்டாங்க. கம்பி தூக்கிக்கினு கீழ இருந்து பாத்தா நெஜமாவே மேல போற மாதிரிதான் இருக்குது." கொஞ்ச தூரம் நடந்தவர் திரும்பிச் சொன்னார். "ஆனா ஜெயசுதாவுக்குத்தாண்ணா மனசு ஆறல."

அவரை எடுத்த அன்று மாலை ஜெயசுதா என்னிடம் வந்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன். "அண்ணா, அது அவுரு போட்டதுன்னு இப்பவாச்சும் சொல்லுவீங்களா? இல்ல, நான் சாவுற வரைக்கும் கேட்டுக்கினே இருக்கணுமா?" என்றார். சொல்கிறேன் என்றேன். எங்கே சொல்வீர்கள் என்று கேட்டார். அவர் படத்தைத் திறக்கும் இடத்தில் என்றேன். அதனால்தான் அந்தக் கழியை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். நான் மறந்துவிடக்கூடாது என்று.

எனவே சொல்கிறேன். பின்னால் நிற்பவர்களுக்கும் கேட்கட்டும். புறப்பாடு இசையைச் செய்தவர் கண்ணாயிரம்! நான் அல்ல! அதில் ஒரு சுரம்கூட என்னுடையது இல்லை. ஒரு விண்வெளிக் கப்பலுக்காக அவர் செய்தது. அம்மன் அதில் ஏறிக்கொண்டாள், அவ்வளவுதான்.

பெரியவர் பழனி அவர்களே, இந்த மண்டபத்துப் படியில் உங்களிடம் இதைச் சொன்னேன். "கூட்டத்துல வேணாம்பா, அப்பறம் பேசிக்கலாம்" என்றீர்கள். ஐயா, அப்புறம் அப்புறம் என்றுதான் ஐந்து ஆண்டுகள் போயின. நீங்கள் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறேன். உங்களைச் சங்கடப்படுத்த எனக்கு விருப்பம் இல்லை. பதிலும் கேட்கவில்லை. இன்னும் இருபது நாளில் திருவிழா. அம்மன் புறப்படும்போது அந்த இசையைப் போட்டால், போட்டவர் பெயரை மைக்கில் நானே சொல்வேன். பெயர் வேண்டாம் என்றால் இசையும் கிடையாது. அஜித்குமாரிடமிருந்து பென் டிரைவை வாங்கி ஜெயசுதாவிடம் கொடுத்துவிட்டேன். இனி அது அவர் சொல்கிறபடி. ஒரு குழாய் ஸ்பீக்கரைக் கண்ணாயிரம் தெருமுனையில் கட்டச் சொல்லியிருக்கிறேன். அதற்கு யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. புறப்பட்ட கப்பல் திரும்பி வரும் இடத்துக்கு "வரவு" என்று ஒன்று செய்துகொண்டிருந்தார். அவர் போனில் பதினொரு வரவுகள் இருக்கின்றன, எதுவும் முடியவில்லை. "கெளம்புறது சுளுவுணா. திரும்பி வர்றதுக்குத்தான் சத்தம் கெடைக்கல" என்பார். கடைசி வரவு நாற்பது வினாடி. அதை முடித்துத் தருகிறேன் என்று பல கலைஞர்கள் சொன்னார்கள். வேண்டாம். அம்மன் கோயிலுக்குத் திரும்பும்போது அந்த நாற்பது வினாடியை மட்டும் போடுவோம். பிறகு சத்தம் இருக்காது. ஆகாயத்தில் சத்தம் இல்லை என்று அவரோடு வாதாடினேன் அல்லவா? அந்த ஓர் இடத்தில் மட்டும் நான் சொன்னபடியே இருந்துவிட்டுப் போகட்டும்.

அவருடைய பணியைத் தொடர்வோம் என்று இங்கே எனக்கு முன் பேசிய எல்லோரும் உறுதி சொன்னார்கள். இசையைத் தொடர எனக்குத் தகுதி இல்லை. அதைத் தெரிந்த இளையவர்கள் செய்யட்டும். ஆனால் அவர் செய்த இன்னொரு வேலை இருக்கிறது. அதற்குத் தோள் இருந்தால் போதும். இந்த ஆண்டு, மைக்கில் அவர் பெயரைச் சொல்லி முடித்ததும், மைக்கைக் கீழே வைத்துவிட்டு அம்மன் வண்டிக்கு முன்னால் நான் நடப்பேன்.

கோகிலவாணி, இப்படி வாருங்கள். இந்த மைக்கைப் பிடியுங்கள். என்னை அழைத்தபோது சொன்ன அந்தப் பட்டத்தை இன்னொரு முறை சொல்லுங்கள். உரியவர் பெயரோடு சொல்லுங்கள். அவர் அதோ படத்தில் இருக்கிறார், கேட்கட்டும்.

தங்கை ஜெயசுதா, வாசலுக்கு வருகிறேன். அந்தக் கழியை என் கையில் கொடுங்கள்.